இரட்டைப் பிரசாவுரிமை: பிறப்பா, பதிவா, மீளப் பெறுவதா?

ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டு உறவுகள் திருகோணமலைக்கு வந்திறங்கும்போது, உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "லண்டன் இரட்டைக் குடியுரிமை தருமா, ஜேர்மனி தருமா, கனடா தருமா?" கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்தப் படிவத்துக்கும் எனக்கு விடை தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "தரும்" என்று நான் சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் அந்த விடையை நம்பி முடிவெடுத்தவர்கள் பலர் பின்னர் சிக்கிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்றால், தன் குடியுரிமையைத் தரும்போது மற்றதைக் கைவிடச் சொல்வதில்லை என்பதே பொருள். மற்ற நாடு தன் பங்குக்கு என்ன செய்யும் என்பதை அந்த மற்ற நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது. அந்தச் சட்டமும் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. பிறப்பால் வந்தவர், விண்ணப்பித்து வாங்கியவர், திருமணத்தால் பதிவானவர், இழந்ததை மீளப் பெற்றவர் என ஒவ்வொருவருக்கும் விதி வேறாகிறது. எங்கள் குடும்பத்திலேயே இந்த வழிகள் அத்தனையும் இருப்பதால், அதையே முன்னிறுத்தி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் நமது இலங்கைச் சட்டம்; இங்கே குடியுரிமையைப் பிரசாவுரிமை என்கிறோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இரண்டு வகைப் பிரசைகளையே அறியும்: வம்சாவழிப் பிரசை, பதிவுப் பிரசை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தது மட்டும் ஒருவரை இலங்கைப் பிரசை ஆக்குவதில்லை. பெற்றோரின் பிரசாவுரிமையே பிள்ளைக்கு இறங்குகிறது. 2003 வரை, திருமண உறவில் பிறந்த பிள்ளைக்கு அது தகப்பன் வழியாக மட்டுமே இறங்கியது. அந்த ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகுதான் தாய் வழியும் திறந்தது. வம்சாவழிப் பிரசை ஒருவர் தன் விருப்பத்தால் இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற கணமே இலங்கைப் பிரசாவுரிமை தானாக அற்றுப்போகிறது. யாரும் கடிதம் அனுப்புவதில்லை, கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்பதுமில்லை. ஆகவே, செல்லாத கடவுச்சீட்டை அலுமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு தாம் இன்னும் இலங்கைப் பிரசை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இந்த இழப்புக்கு அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு இரண்டு மாற்று வழிகளை வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை கிடைக்கும் முன்பே விண்ணப்பித்து நமது பிரசாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்வது ஒன்று. அற்றுப்போன பின் விண்ணப்பித்து மீளப் பெறுவது மற்றது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே சான்றிதழில் முடிபவை போலத் தோன்றும். படிவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தகுதி வகைகளும் ஒன்றுதான். வேறுபாடு இரண்டுக்கும் இடையிலான காலத்தில் இருக்கிறது.

என் தம்பியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1996 இல் ஜேர்மனிக்குப் போனவர், இன்றுவரை இலங்கைக் கடவுச்சீட்டிலேயே பயணம் செய்கிறார். அக்காலத்தில் ஜேர்மன் குடியுரிமை வேண்டுமென்றால் பழையதைத் துறந்தாக வேண்டும். அப்பா உயிரோடு இருந்தவரை தம்பி அதற்கு உடன்படவில்லை. 2024 ஜூன் 27 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஜேர்மனி அந்த நிபந்தனையை விட்டுவிட்டது. டென்மார்க் 2015 செப்டெம்பரிலும் நோர்வே 2020 ஜனவரியிலும் இதே மாற்றத்தைச் செய்துவிட்டன. சுவிஸ் 1992 இலேயே செய்தது. ஜேர்மன் கதவு திறந்த செய்தி கேட்டதும், "இனி இரண்டையும் வைத்திருக்கலாம் அண்ணா" என்று தம்பி மகிழ்ச்சியோடு அழைத்தார். ஜேர்மனி விட்டுவிட்டதே தவிர இலங்கை விடவில்லை என்பதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அங்கே குடியுரிமைச் சான்றிதழ் கையில் தரப்படும் கணத்தில் இங்கே அற்றுப்போகும். அதற்கு முன் தக்கவைக்கும் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அற்றுப்போகாது.

அவர் முன் மூன்று தெரிவுகள் இருந்தன. முதலாவது, ஜேர்மன் விண்ணப்பத்தை விரைவாக முடித்துவிட்டு, பின்னர் ஆறுதலாக மீளப் பெறுவது. இரண்டாவது, ஜேர்மன் விண்ணப்பத்தைச் சற்றே தாமதப்படுத்தி, முதலில் இங்கே தக்கவைப்பது. மூன்றாவது, எதையும் செய்யாமல் நிரந்தர வதிவிட அனுமதியோடு இருந்துவிடுவது. முதலாவது வழியில் இடைப்பட்ட காலம் முழுவதும் அவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அந்த நாட்களில் பழைய இலங்கைக் கடவுச்சீட்டைப் பயன்படுத்துவது குற்றமாகும். காணி வாங்க முடியாது. தேர்தல் இடாப்பில் பெயர் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பிள்ளை ஒன்று பிறந்தால் அதற்கு இலங்கைப் பிரசாவுரிமை இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீளப் பெறுவது ஓர் உரிமை அல்ல. அவருக்கு அதை வழங்குவது இலங்கைக்கு நன்மை பயக்கும் என்று அமைச்சர் திருப்தியடைந்தால் மட்டுமே அது கிடைக்கும். இது வெறும் சொல்லலங்காரமன்று: 2011 இல் இரட்டைப் பிரசாவுரிமை வழங்குவதே நிறுத்தப்பட்டு, 2015 இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் இடையில் அகப்பட்டவர்கள் வெறுமனே காத்திருந்தார்கள். தக்கவைக்கும் விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் ஒருவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். மீளப் பெறும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் வெளியே நிற்கிறார். என் கணிப்பில் இந்த ஒரு வேறுபாடே போதும்: இன்னும் இலங்கைப் பிரசையாக இருக்கும் எவரும் முதலில் தக்கவைக்கும் வழியைத்தான் முயல வேண்டும்.

ஆனால் தம்பிக்கு வயது 49. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வெளியிட்டுவரும் தகுதி வகைகளில் மிக இலகுவானது 55 வயதைக் கடந்திருப்பது. அதற்குக் கீழே உள்ளவர்கள் கல்வி அல்லது தொழில் தகைமையைக் காட்ட வேண்டும். இல்லையேல் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்தையோ, அதே தொகைக்கு மூன்று வருட நிலையான வைப்பையோ, 25,000 அமெரிக்க டொலர் வெளிநாட்டு நாணய வைப்பையோ காட்ட வேண்டும். உவர்மலையில் ஒரு சிறு வீட்டுக் காணிக்கே அந்தப் பெறுமதி வந்துவிடும். ஆனால் எங்கள் வீடு இன்னும் அப்பாவின் பெயரில், பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கிறது. மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவதற்கு முன் காணி உறுதி (பத்திரம்) எழுத வேண்டும். உறுதி எழுதுவதற்கு முன் நான்கு பிள்ளைகளும் ஒரு மேசையில் அமர வேண்டும். ஆகவே தம்பிக்கு நிலையான வைப்பே நேர்வழி என்று சொன்னேன். பணம் மூன்று வருடம் முடங்கும் என்றாலும் வட்டி வரும். குடும்பச் சண்டை வராது.

இதில் ஓர் எதிர்த்திசைப் பொறியும் இருந்தது. 1990 களிலேயே ஜேர்மன் குடியுரிமை எடுத்துவிட்ட நம்மவர்கள் சிலர், 2015 இல் இலங்கை மீண்டும் வழங்கத் தொடங்கியதும் விண்ணப்பிக்க ஓடிவந்தார்கள். அப்போதைய ஜேர்மன் சட்டப்படி, முன்னனுமதி இன்றித் தன் விருப்பத்தால் வேறு குடியுரிமை பெறும் ஜேர்மானியர் ஜேர்மன் குடியுரிமையை இழப்பார். இங்கே ஒன்றை மீட்கப் போய் அங்கே மற்றதைத் தொலைக்கும் நிலை அது. 2024 ஜூனுக்குப் பின் அந்த ஆபத்து நீங்கிவிட்டது. அவுஸ்திரேலியாவிலும் 2002 ஏப்ரல் 4 வரை இதே விதி இருந்தது.

லண்டனில் இருக்கும் அக்காவின் நிலை வேறு. அவரும் அத்தானும் 2003 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார்கள். பிரித்தானியா பழையதைக் கைவிடச் சொல்லவில்லை. அதனாலேயே, இலங்கைப் பக்கம் அற்றுப்போனது அவர்களுக்குப் பல காலம் தெரியவில்லை. இப்போது 66 வயதில், நிலாவெளியில் ஒரு துண்டுக் காணி வாங்கி, குளிர்காலங்களில் வந்து இருக்கும் ஆசை அக்காவுக்கு வந்திருக்கிறது. தக்கவைக்கும் வழி அவருக்கு என்றோ மூடிப்போயிற்று. மீதமுள்ளவை மீளப் பெறுவதும், முன்னாள் இலங்கையருக்கான நிரந்தர வதிவிட விசாவும், சும்மா விருந்தாளியாக வந்துபோவதும்தான்.

எதைத் தெரிவது என்பது அவர் உண்மையில் எதை விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரசைக்கு அந்தத் தடை இல்லை. அதேவேளை, வாரிசு முறையில் உரித்தாகும் காணிக்கும் அந்தச் சட்டம் விலக்களிக்கிறது. ஆகவே அப்பாவின் வீட்டில் அக்காவுக்குள்ள பங்கு அவர் பிரித்தானியராக இருந்தாலும் அவருடையதுதான். "வீட்டுப் பங்கு போய்விடும்" என்ற அச்சத்தால் மட்டும் இரட்டைப் பிரசாவுரிமைக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை. புதிதாக நிலாவெளியில் வாங்குவதென்றால்தான் தேவை. 2015 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுத் திருத்தச் சட்டத்தின் மூலம் வந்த நிரந்தர வதிவிட விசா இங்கே தங்கியிருக்க வழி செய்யுமே தவிர, அதை வைத்திருப்பவர் காணிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராகவே இருப்பார். வாக்கும் இல்லை, இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை. அக்கா 55 ஐக் கடந்தவர் என்பதால் சொத்தோ வைப்போ காட்டாமல் வயது வகையிலேயே விண்ணப்பிக்கலாம். எனவே அவருக்கு மீளப் பெறுவதையே பரிந்துரைத்தேன். ஆனால் உறுதி எழுதும் நாள், சான்றிதழ் கிடைத்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்பதை மூன்று முறை சொல்லிவைத்தேன். கடற்கரைக் காணிக்கு முற்பணம் வாங்கத் துடிப்பவர்களுக்கு இந்த வரிசை ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை.

பிரித்தானியப் பக்கத்திலும் வழி முக்கியம். 2014 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்ற ஒருவரை, வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறக்கூடியவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நாடற்றவர் ஆகும் நிலையிலும் அந்த அரசு குடியுரிமை நீக்கம் செய்யலாம். பிறப்பால் பிரித்தானியரானவரை அவ்வாறு நாடற்றவராக்க முடியாது. இவையெல்லாம் நாட்டுக்குப் பாரதூரமான தீங்கு செய்தவர்களுக்கான ஏற்பாடுகள். கோணேசர் கோயில் தேருக்கு வந்துபோகும் அக்காவுக்கு அதனால் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஒரே கடவுச்சீட்டின் பின்னே இரு தரத்துக் குடிமக்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

பிள்ளைகளின் விடயத்தில்தான் சட்டம் மிக நுண்ணியது. வெளிநாட்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிவு செய்யப்பட்டால், வம்சாவழிப் பிரசை ஆகிறது. தக்க காரணம் இருந்தால் தாமதப் பதிவுக்கு அமைச்சர் இடமளிக்கலாம். கனடாவில் பிறந்தால் மண்ணின் அடிப்படையிலேயே கனேடியக் குடியுரிமை வருகிறது. பிரித்தானியாவில் 1983 முதல் பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியராகவோ நிரந்தர அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஜேர்மனியில் 2000 முதல், பெற்றோரில் ஒருவர் எட்டு வருடம் சட்டப்படி வாழ்ந்திருந்தால் பிள்ளை பிறக்கும்போதே ஜேர்மானியர்; 2024 இல் அந்த எட்டு ஐந்தாகக் குறைந்தது. இவை எவையும் பிள்ளை தன் விருப்பத்தால் பெற்றவை அல்ல, சட்டத்தின் செயலால் வந்தவை. ஆகவே பெரியவர்களுக்கு நேர்வது போல இலங்கைப் பிரசாவுரிமை உடனே அற்றுப்போவதில்லை. பிள்ளை இரண்டையும் இயல்பாகவே கொண்டிருக்கும், 22 வயது நிறையும் வரை. அதற்கு முன் மற்றதைத் துறக்காவிட்டால், 22 நிறைந்த மறுநாள் இலங்கைப் பக்கம் அற்றுவிடும். அதைத் தாண்டியும் இரண்டையும் வைத்திருக்க விரும்புபவர், அந்த நாளுக்கு முன்பே 19 ஆம் பிரிவின் கீழ் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

தம்பியின் மூத்த மகள் 2006 இல் பிறந்தவள்; பதிவும் செய்யப்பட்டவள். அவளுக்கான கடைசி ஆண்டு 2028. வேடிக்கை என்னவென்றால், ஜேர்மனியிலும் ஒரு காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகள் 23 வயதுக்குள் இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டும் என்ற விதி இருந்தது. 2014 இல் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தளர்ந்தது, 2024 இல் முற்றாக நீங்கியது. நமது 22 மட்டும் அப்படியே நிற்கிறது. அக்காவின் பிள்ளைகளில் மகன் 1998 இல், பெற்றோர் இன்னும் இலங்கைப் பிரசைகளாக இருந்தபோது பிறந்தவன். ஆனால் யாரும் பதிவு செய்யவில்லை. மகள் 2005 இல், பெற்றோர் இருவரும் பிரித்தானியரான பின் பிறந்தவள். அக்கா நாளை மீளப் பெற்றாலும் மகளுக்கு அது பின்னோக்கி இறங்காது, ஏனெனில் அவள் பிறந்த நாளில் பெற்றோரில் எவரும் இலங்கைப் பிரசை அல்லர். மகனுக்கு 22 கடந்துவிட்டது. பதிவே இல்லாதபடியால் இழந்தேன் என்று காட்டவும் கையில் ஒன்றுமில்லை. இருவரும் ஒரே வீட்டில் ஒரே தாயிடம் வளர்ந்தவர்கள்தான்.

இதைவிடக் கசப்பான உதாரணம் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1983 க்கும் 1990 க்கும் இடையில் திருகோணமலையிலிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போன குடும்பங்களில் எங்கள் சித்தப்பாவின் குடும்பமும் ஒன்று. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 க்குப் பின் விதி இன்னும் இறுகிவிட்டது. சித்தப்பாவின் மகள் 1986 இல் பிறந்தவள், மகன் 1988 இல். ஒரே முகாமில் பிறந்த இருவரில் மூத்தவளுக்குச் சட்டம் திறந்திருக்கிறது, இளையவனுக்கு மூடியிருக்கிறது. திறந்திருக்கிறது என்பதும் ஏட்டளவில்தான் இருந்தது: 1986 இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 இல்தான் உத்தரவிட்டது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதே இல்லை. ஊர் திரும்பிச் சாம்பல்தீவில் குடியேறியுள்ள இளையவனுக்குச் சென்னைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் செய்த பிறப்புப் பதிவே முழு ஆதாரம். அவனுக்கு முன்னால் தெரிவு என்று எதுவும் இல்லை. மூத்தவளுக்கு இருப்பது இரண்டில் ஒன்று. இந்தியா வெளிநாட்டு இந்தியருக்கு வழங்கும் அட்டையைச் சிலர் இரட்டைக் குடியுரிமை என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாக்கும் விவசாய நிலம் வாங்கும் உரிமையும் இல்லாத அதை நீண்டகால விசா என்று சொல்வதே பொருத்தம்.

திருமண வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இலங்கைப் பிரசையை மணந்த வெளிநாட்டவர் இங்கே பதிவுப் பிரசை ஆகலாம். ஆனால் பதிவு வழியில் வருபவர் தன் முந்திய குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். 19 ஆம் பிரிவு, முன்பு இலங்கைப் பிரசையாக இருந்தவருக்கும் இருப்பவருக்கும் உரியது. மருமகள் இங்கிலாந்துக்காரி என்றால் வதிவிட விசாவே அவருக்கு ஏற்றது.

அரசியல் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2015 இன் 19 ஆவது திருத்தம் இரட்டைப் பிரசைகள் நாடாளுமன்றம் போவதைத் தடுத்தது, 2020 இன் 20 ஆவது திருத்தம் அதை நீக்கியது, 2022 இன் 21 ஆவது திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. கீதா குமாரசிங்க 2017 இல் ஆசனத்தை இழந்தது சுவிஸ் குடியுரிமையால். 2024 மே மாதம் டயானா கமகே இழந்தது பிரித்தானியக் குடியுரிமை பற்றிய வழக்கில். அவுஸ்திரேலியாவில் 2017 இல் ஆசனம் இழந்தவர்களில் சிலருக்கு, பெற்றோர் வழியாகத் தாம் இன்னொரு நாட்டுக் குடிமக்களாக இருப்பதே தெரியாமல் இருந்தது.

விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். திருகோணமலையில் இருந்து இரவு பஸ் ஏறி விடியற்காலை போய் நிற்பதற்குள், எந்தத் தாள் குறைந்தாலும் பயணம் வீணாகும். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் 1990 இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ போய்விட்டவர்கள் முதலில் மாவட்டப் பதிவாளரிடம் பிரதி எடுக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சத்தியக்கடதாசி வேண்டும். வாழும் நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழும் வேண்டும். கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முகவர், அக்காவின் மகளுக்கு "தாய்வழி இரட்டைப் பிரசாவுரிமை" எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கினார். 2003 திருத்தம் தாய்வழியைத் திறந்தது உண்மை. ஆனால் தாய் அந்த நாளில் இலங்கைப் பிரசையாக இருந்தாரா என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. முற்பணம் திரும்பவில்லை. கச்சேரியில் முப்பது வருடம் இருந்த நானும் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தம்பியின் நிலையான வைப்பு போன மாதம் திறக்கப்பட்டது. ஜேர்மன் நகரசபையிலிருந்து வந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கையொப்பமிடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். இங்கிருந்து கடிதம் போன பிறகுதான் பேனையை எடுப்பாராம்.